கணக்கறிந்த குமரப்பா

தென்காசியினின்றும் மதுரைக்குச் செல்லும் பெருவழியில், இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் கடந்தபின் கல்லுப்பட்டி என்றோர் ஊர் உளது. சுரண்டையிற் பிறந்த யாம் அவ்வழியே பன்முறை சென்றுள்ளோம். பேருந்து நிற்கும் சிறுபொழுதில் பழம் விற்போரையும் தேநீர் அருந்துவோரையும் நோக்கினோமேயன்றி, அவ்வூரில் வாழ்ந்து முதிர்ந்த பெரியார் ஒருவரை நினைந்திலேம். அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்திற் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தவர் ஜோசப் கொர்னேலியஸ் குமரப்பா என்பதைக் கல்லூரி நூலகத்தில் தற்செயலாய்க் கையிலெடுத்த ஒரு நூலே எமக்கு உணர்த்திற்று. தமிழர், கிறிஸ்தவர், நம்மிற் பலர் விழையும் மேனாட்டுப் பட்டங்களையெல்லாம் பெற்றவர். அவரை அறியாதிருந்தமைக்கு நாணினோம். அந்நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள் தஞ்சையிற் பிறந்தார். தந்தையார் சாலமோன் துரைசாமி கொர்னேலியஸ் என்பார் சர்க்கார் மராமத்து இலாகாவில் உத்தியோகம் வகித்தவர். தாயார் எஸ்தர் இராஜநாயகம் அம்மையார். பிள்ளைக்கு இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். அக்காலத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களிற் பல இவ்வாறு மேனாட்டுப் பெயரைக் குடும்பப் பெயராய்ச் சூடியிருந்தமை நம் வாசகர் அறிந்ததே. நம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் புரட்டினும் அது விளங்கும். வீட்டில் ஆங்கில நடையுடை பாவனைகளும் வேத வாசிப்பும் ஒருங்கே விளங்கின. இளைஞர் சென்னையிற் பயின்று, இருபது வயதையொட்டிக் கணக்காய்வுக் கல்வி பெறுவான் வேண்டி இலண்டன் மாநகர் புகுந்தார்.

அவர் ஆண்டிருக்கையில் 1914-இல் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. இலண்டன் வானில் செப்பெலின் என்னும் ஆகாயக் கப்பல்கள் தோன்றிக் குண்டு பொழிந்த நாட்கள் அவை. இந்தியாவினின்றும் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் கடல் கடந்து அப்போர்க்கு ஏகினர். ஆட்களை அளித்ததன்றியும், 1917-இல் பத்துக் கோடி பவுன் இந்தியாவின் நன்கொடையாகப் பிரிட்டனுக்கு எழுதப்பட்டது. கொடுத்தவர் யார், கொடுக்குமாறு கேட்கப்பட்டவர் யார் என்னும் வினாவை அன்று எழுப்பியோர் சிலரே. இளங்கணக்கர் கொர்னேலியஸும் அன்று எழுப்பினாரல்லர். அவர் நல்ல தொழிலறிஞராய், நல்ல உடை உடுப்பவராய், இலண்டன் வாழ்வை உவப்பவராய் இருந்தார். இதனை மறைத்தல் வேண்டா. பிற்காலத்துத் துறவியை முற்காலத்தும் துறவியாகவே காட்டுவது சரித்திரம் எழுதுவோரிற் பலர்க்கு வழக்கமாகிவிட்டது.

1919-இல் தாயாரின் விருப்பிற்கு இணங்கித் தாய்நாடு மீண்டு, பம்பாயில் தொழில் நடாத்தினார். பின்னர் டாவர் என்பாருடன் கூடித் தமக்கென ஒரு கணக்காய்வு நிறுவனமும் கண்டார். பொருள் பெருகிற்று. இவ்வளவில் நின்றிருப்பின் அவர் பெயரை இன்று நாம் அறியோம்.

அவர் வாழ்வைத் திருப்பியது அமெரிக்கப் பயணம். 1927-இல், ஆண்டிருந்த தமையனாரைக் காண விடுமுறைப் பயணமாய்ச் சென்றவர், வாளாவிருத்தல் இயலாமையின் சிரக்யூஸ் சர்வகலாசாலையிற் சேர்ந்து, 1928-இல் வணிக நிருவாகத்திற் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க்கு நகரின் கொலம்பியா சர்வகலாசாலையில் அரசாங்க நிதியியல் பயிலலானார்.

அவர் கண்ட அமெரிக்கா எத்தகையது என்பதை ஈண்டுச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். யுத்தத்திற்கு முன் ஐரோப்பாவுக்குக் கடன்பட்டிருந்த நாடு அது. 1917 ஏப்ரலில் வில்சன் தலைமையிற் போரிற் புகுந்தது. போர் முடிந்தபோது ஐரோப்பாவே அதற்குக் கடனாளியாயிற்று. போர்க்காலத்தில் ஆடவர் பாசறை செல்ல, தென்மாகாணங்களிற் பருத்திக் காடுகளில் உழன்ற கறுப்பு மக்கள் பல்லாயிரவர் வடநகரத் தொழிற்சாலைகளை நாடிப் பெயர்ந்தனர். 1920-இல் மாதர் வாக்குரிமை அரசியற் சட்டத்தில் ஏறிற்று. அவ்வாண்டே மதுவிலக்கும் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது; திருச்சபைகள் நெடுநாள் வேண்டிப் பெற்ற அச்சட்டம், கள்ளச் சாராயக் கூட்டங்களையும் வளர்த்து, 1933-இல் நீக்கப்பட்டது. நன்னோக்கம் ஒன்றே நற்பயனைத் தாராது போலும்!

உலகனைத்தையும் சனநாயகத்திற்கு உரியதாக்கப் புறப்பட்ட அந்நாடு, போர் முடிந்ததும் கதவை அடைத்துக்கொண்டது. வில்சன் வகுத்த சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா சேரவில்லை. பகத் சிங் திண்டு என்னும் சீக்கியர் போர்க்காலத்தில் அமெரிக்கச் சேனையிற் பணி புரிந்தவர். அவரை வெள்ளையரல்லர் என்று கூறி, 1923-இல் உச்ச நீதிமன்றம் குடியுரிமை மறுத்தது. அடுத்த ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஆசியருக்கு வாயிலை அறவே மூடிற்று. கொர்னேலியஸ் அந்நாட்டில் மாணவராய் இருக்கலாம். எத்துணைக் கற்பினும் குடிமகனாதல் ஒல்லாது. 1927-இலேயே கதரைன் மேயோ என்னும் அமெரிக்க மாதின் நூல் ஒன்று இந்தியரை இழித்துரைத்து, அந்நாட்டில் மிகுதியாய்ப் படிக்கப்பட்டது. இந்தியர் வறுமை இந்தியர் ஒழுக்கக் குறையாலேயே வந்ததென்னும் எண்ணம் பலர்பாற் குடிகொண்டிருந்தது.

இவற்றிற்கு அப்பால் எங்கும் செல்வப் பெருக்கு! போர்டு தொழிற்சாலை ஒரே மாதிரியான மோட்டார் வண்டிகளை ஒன்றரைக் கோடிக்கு மேற் செய்து தள்ளியிருந்தது. வீடுதோறும் ரேடியோ. கையிற் பணமில்லார் தவணை முறையில் வாங்கினர். அதனினும் விந்தை, பங்குகளையும் கடனிற் பெற்றனர். பத்து டாலர் தமது, தொண்ணூறு டாலர் கடன், நூறு டாலர்ப் பங்கு. விலை ஏறுங்கால் எல்லாரும் செல்வரே. ஆயினும் உழவர் வீட்டில் இவ்வொளி வீசவில்லை. போரின்போது உலகுக்குச் சோறிடுமாறு வேண்டப்பட்டுக் கடன்பட்டு நிலம் வாங்கி உழுதோர், 1920-க்குப் பின் கோதுமை விலை வீழ்ந்தமையால் அக்கடனிலேயே மூழ்கினர். நகரத்துப் பேரேட்டில் வரவும் நாட்டுப்புறத்துப் பேரேட்டில் பற்றும் ஒருங்கே ஏறிய காலம் அது. 1928 நவம்பரில் ஹூவர் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். வறுமையை முற்றும் வெல்லும் நாள் அணித்தே உளதென்று அவர் அவ்வாண்டிற் பேசியிருந்தார்.

அதே நகரில், கொலம்பியாவின் ஒரு மூலையில், கொர்னேலியஸ் வறுமையைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் வறுமையுற்றது என்னும் பொருள்பற்றிப் பேச அழைக்கப்பட்டார். அப்பிரசங்கம் நியூயார்க்கு டைம்ஸ் இதழில் வெளிவர, அதனை அவர்தம் பேராசிரியர் செலிக்மன் கண்ணுற்றார். நிதியியலிற் பெரும்புகழ் பெற்ற அவ்வறிஞர், இப்பொருளையே பட்டத்திற்குரிய ஆராய்ச்சியாகக் கொள்க எனப் பணித்தார். கணக்கர் தம் நாட்டுப் பேரேட்டை அன்றே முதன்முறை விரித்தார் எனலாம். குடிகளிடம் பெறும் வரி எங்கே செல்கிறது? இராணுவத்திற்கு, கடன் வட்டிக்கு, மேலுத்தியோகஸ்தர் சம்பளத்திற்கு. ஏழை உழவனிடம் எடுத்த பணம் அவன் ஊருக்குக் கிணறாகவோ பள்ளியாகவோ மீள்வதில்லை. மழை பெய்யாத வானம் நீரை மட்டும் உறிஞ்சுவது போன்றதாயிற்று அவ்வாட்சி. இலண்டனிலும் பின்னர்ப் பம்பாயிலும் பிறர் கணக்குகளைத் திருத்தியவர், தம் உடையும் கல்வியும் யார் கணக்கில் எழுதப்பட்டவை என்று வினவலானார். அவ்வினா அவரை விட்டகலவில்லை.

1929-இல் இந்தியா மீண்டு, தம் கட்டுரையை நூலாக்க விழைந்து, காந்தியடிகளைக் காண மே மாதம் 9-ஆம் நாள் சபர்மதி சென்றார். குறித்த நேரம் பிற்பகல் இரண்டரை மணி. சற்று முன்னரே சென்றவர், மரத்தடியிற் சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து இராட்டினம் சுற்றும் முதியவர் ஒருவரைக் கண்டு, கைத்தடியை ஊன்றி வேடிக்கை பார்த்து நின்றார். முதியவர் கடிகாரத்தைப் பார்த்து, குமரப்பாவோ எனக் கேட்டபோதுதான் அவரே காந்தியடிகள் என்பது தெரிந்தது. உடனே பட்டுச் சட்டையும் மேனாட்டுக் காற்சட்டையும் பாராது அச்சாணத் தரையிலேயே அமர்ந்தார். ஒருவர் நாற்காலி கொணர்ந்தும் அதனை ஏற்றிலர். குடும்பத்தின் பழைய பெயராகிய குமரப்பா என்பதையே அவர் சூடிக்கொண்டதும் அவ்வாண்டிற்றான்.

அக்கட்டுரை அடிகளின் யங் இந்தியா இதழில் 1929-இன் இறுதியிலே தொடர்ந்து வெளிவரலாயிற்று. அதற்குச் சில வாரங்கள் முன்னர்த்தான் நியூயார்க்கில் இடி விழுந்திருந்தது. கொலம்பியா சர்வகலாசாலை மன்ஹாட்டன் தீவின் வடபாலது. பங்குச் சந்தை அதே தீவின் தென்கோடியிலது. குமரப்பா நடந்து திரிந்த அந்நகரில், 1929 அக்டோபர் 24-ஆம் நாளும் 29-ஆம் நாளும் பங்கு விலைகள் சரிந்தன. செப்டம்பரில் 381 ஆக இருந்த விலைக்குறி எண் 1932 ஜூலையில் 41 ஆயிற்று. ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. 1933-இல் தொழிலாளரில் நால்வருக்கு ஒருவர் வேலையற்றார். நகரில் மக்கள் ஒரு கிண்ணம் கஞ்சிக்கு வரிசையில் நிற்க, நாட்டுப்புறத்தில் உழவர் விலைபோகாப் பாலைச் சாலையிற் கொட்டினர். களஞ்சியங்களை இடித்துப் பெரியனவாகக் கட்ட எண்ணிய ஐசுவரியவானைக் குறித்து நம் ஆண்டவர் சொல்லிய உவமையை ஞாயிறுதோறும் கேட்ட மக்கள் அவர்கள். நாமும் கேட்பவர்களே.

அவ்விடியின் அதிர்ச்சி தமிழ்நாட்டு வயல்களையும் எட்டிற்று. நெல்லும் பருத்தியும் நிலக்கடலையும் பாதி விலைக்கு இறங்கின; நிலத்தீர்வையும் வட்டியும் இறங்கவில்லை. முன்பு ஒரு மூட்டை விற்றுக் கட்டிய தீர்வைக்கு இரு மூட்டை விற்கவேண்டியதாயிற்று. 1931-இல் பிரிட்டன் தங்க நாணயத் திட்டத்தைக் கைவிட்டபின், கிராமத்துப் பெண்டிர் காதினும் கழுத்தினும் இருந்த பொன் அடகுக் கடைகளின் வாயிலாய்க் கப்பலேறிற்று. மன்ஹாட்டனில் யாரோ கடனிற் பங்கு வாங்கியமைக்கு, பங்கு என்ற சொல்லையே அறியாத உழவத்தி தன் தாலிப்பொன்னை விற்றாள்! எழுத எழுத எமக்கு இதுவே நெஞ்சை உறுத்துகின்றது.

குமரப்பா குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் மாணவர்களுடன் ஊரூராய்ச் சென்று உழவர் வரவு செலவை எழுதினார். ஒரு கணக்கர் கணக்குப் புத்தகமே இல்லாதவர்களின் கணக்கை எழுதத் தொடங்கியது அங்குத்தான். உப்புச் சத்தியாக்கிரகத்தில் அடிகள் சிறைப்பட்டபின் யங் இந்தியாவை நடாத்தித் தாமும் சிறை புகுந்தார். 1931-இல் இந்தியாவின் பொதுக்கடனைச் சோதிக்கக் காங்கிரசு அமைத்த குழுவைக் கூட்டி நடாத்தினார். அக்குழு ஆராய்ந்தவற்றுள் போர்ச் செலவும் அடங்கும். அன்று எழுப்பாத வினாவை இன்று எழுப்பினார்.

நம் போன்றார்க்கு நெருங்கியதொரு செய்தி ஈண்டுளது. 1930-இல் சட்டமறுப்பு இயக்கத்திற் கிறிஸ்தவர் சேரலாகாதென்பது சபைத் தலைவர் பலரின் கருத்து. கல்கத்தாவின் பேராயர் வெஸ்ட்காட் அதனை வெளிப்படையாகவே கூறினார். குமரப்பா அவர்க்கு மறுமொழி எழுதினார். மலைப்பிரசங்கத்தை நம்புவோர் அடியை ஏற்பாரேயன்றி அடிப்பாரல்லர் என்பதும், அடி வாங்குவோர் பக்கம் நிற்றலே கிறிஸ்தவர் கடன் என்பதும் அவர் வாதத்தின் சாரம். பேராயர் தீயவரல்லர், இந்தியாவில் நெடுங்காலம் உழைத்த நன்மனத்தவர். எனினும், நற்பணி பல புரிந்த சபை ஒன்று ஆட்சியாளரின் பேரேட்டையே தன் பேரேடாகக் கருதிவிட்டது என்பதை இன்று மறுக்க இயலாது. எம் முன்னோர் பெற்ற எழுத்தறிவு அதே சபையாரின் கொடை என்பதையும் யாம் மறந்திலேம். இரண்டும் மெய். இவ்விரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்திருத்தல் எளிதன்று, குமரப்பா வைத்திருந்தார். சபையை விட்டு நீங்கினாரல்லர், அதன் முன் வாய் மூடினாருமல்லர்.

அவர்தம் கண்டிப்பைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 1934-இல் பீகார் பூகம்பத்தின்பின் நிவாரண நிதியின் கணக்கு அவர் பொறுப்பிலிருந்தது. ஊழியர் உணவுக்கு நாளொன்றுக்கு இவ்வளவே என வரையறுத்திருந்தார். காந்தியடிகளும் பரிவாரத்தாரும் ஆண்டு வந்தபோது, அவர்கள் செலவை நிதியினின்றும் கொடுக்க மறுத்துவிட்டார். துயருற்றோர்க்கென வந்த பணம் துயருற்றோர்க்கே உரியது, அடிகளாயினும் ஆகுக. அடிகள் அதனை உவந்தேற்றாராம். முன்னறிவிப்பின்றிப் பேச வந்த அடிகளையே, கணக்கு வேலை மிகுதியென்று காத்திருக்கச் செய்தார் என்றும் கூறுவர்.

அவ்வாண்டு டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கம் வார்தாவில் தோன்ற, அதன் செயலாளரானார். கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, பனைவெல்லம் ஆகியன மகன்வாடி என்னும் அவ்விடத்தில் ஆராயப்பட்டன. கரும்பு நன்செய் நிலத்தையும் நீரையும் உண்ணும். பனையோ நீரற்ற தேரியிலும் தானே நிற்கும். ஆதலின் வெல்லத்தைப் பனையிற் பெற்று நன்செயை நெல்லுக்கு விடுக என்பது அவர் கணக்கு. கருப்புக்கட்டியைச் சுக்குநீரிலன்றி வேறெங்கும் காணாத நம் தலைமுறைக்கு இது புதிதாய்த் தோன்றும். தென்பாண்டி நாட்டாராகிய எமக்குப் பனை அயலதன்று. நாள்தோறும் வெட்டுண்டு வீழ்வதையும் காண்கின்றோம்.

ஆயினும் அவர் கூறியன அனைத்தையும் யாம் ஒப்புகிலேம். கைக்குத்தல் அரிசி உடலுக்கு நன்றே. உலக்கை பிடித்த கை யாருடையது? எம் பாட்டியார் இளமையிற் குத்திய நெல்லைப் பற்றிப் பேசும்போது அதன் சுவையைச் சொல்வதில்லை, தோள்நோவையே சொல்வார். ஆலையரிசி வந்தது பெண்டிர்க்கு விடுதலையாகவும் இருந்தது. இதனைக் குமரப்பா போதிய அளவு எண்ணிப்பார்த்ததாக எமக்குத் தோன்றவில்லை.

மற்றொன்று அவர் கணக்கு முறையைக் கொண்டே காணத்தக்கது. சுரண்டையிலும் சுற்றூர்களிலும் பெண்டிர் பல்லாயிரவர் சுளகை மடியிலிட்டுப் பீடி சுற்றுகின்றனர். எம் அன்னையாரும் அவருள் ஒருவர். ஆலையில்லை, புகைபோக்கியில்லை, வீட்டுத் திண்ணையே தொழிற்சாலை. புறத்தோற்றத்தில் இது கிராமக் கைத்தொழிலே. ஆனால் இலையும் தூளும் கடையிற் பெறுவன, எண்ணிக்கை கடையில், குறையென்று கழிப்பதும் கடையில். வாரந்தோறும் எம் அன்னையார்க்குக் கணக்கெழுதித் தருபவர் யாமே. ஆயிரம் சுற்றியும் கழித்தவை போக வரவு வைக்கும்போது, உழைப்பவளின் கையில் எழுதுகோல் இல்லை என்பதை ஒவ்வொரு வாரமும் காண்கின்றோம். தொழில் வீட்டில் நடக்கிறதா ஆலையில் நடக்கிறதா என்பதன்று குமரப்பாவின் வினா. அதன் பேரேடு யார் கையில் என்பதே. அவரைப் படித்தபின் அக்கணக்குப் புத்தகத்தை முன்போல் எம்மால் எழுத இயலவில்லை.

1942-இன் போராட்டத்திற்குப் பின் ஜபல்பூர்ச் சிறையிற் கிடந்தபோது இரு நூல்கள் எழுதினார். ஒன்று இயேசுநாதரின் வாழ்வும் போதனையும் பற்றியது. மற்றொன்று நிலைபேறுடைய பொருளாதாரம் பற்றியது. பின்னதில் உயிர்களின் வாழ்முறையை வைத்து மனிதர் தொழிலை வகுக்கிறார். கொன்றுண்ணும் புலியும், நடாத தோட்டத்திற் கனி பறிக்கும் குரங்கும், தன் கூட்டைத் தானே கட்டும் பறவையும், கூடி உழைக்கும் தேனீயும், கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவையும் அவர்க்கு ஐவகைப் பொருளாதாரம். 1928-இன் நியூயார்க்கு இவற்றுள் எதுவென்று வாசகரே துணியலாம். அந்நூலுக்கு அடிகள் முகவுரை எழுதினார்.

சுதந்தரத்தின்பின் காங்கிரசின் நிலச்சீர்திருத்தக் குழுவிற்குத் தலைமை தாங்கி, உழுபவனுக்கே நிலம் என்னும் கொள்கையை 1949-இன் அறிக்கையில் வற்புறுத்தினார். புதிய அரசு பேராலைகளையே நாடியதால் அவர் குரல் தனித்தது. பதவி எதனையும் விழைந்தாரல்லர், மணமும் செய்துகொள்ளவில்லை. உடல் நலிந்து, இரத்த அழுத்த நோயுடன் கல்லுப்பட்டிக்கு வந்தமர்ந்தார். ஆண்டு அவரைக் காண வந்த வினோபாவுக்குச் சுவரிலிருந்த காந்தியடிகளின் படத்தைக் காட்டி இவர் என் ஆசான் என்றும், அருகிலிருந்த ஏழைக் குடியானவன் ஒருவனின் படத்தைக் காட்டி இவன் என் ஆசானுக்கு ஆசான் என்றும் அறிமுகம் செய்வித்தார் என்பர்.

1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், சென்னை மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். வரும் விடுமுறையில் மதுரை வழியே ஊர் திரும்புங்கால், பேருந்தினின்றும் கல்லுப்பட்டியில் இறங்குவதாக உள்ளோம்.